ஏழு நாள் சூப்

போன வருசம் தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது வாசலில் வைத்தே சித்தி கேட்டா, "என்ன பிள்ளை, கம்பஸ் சாப்பாடு நல்லா ஒத்துவந்திட்டுது போல?" சுத்தி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேராதனைக்குத் திரும்பிய கையோடு பாமசியில் நிறை பார்த்தேன். 71 கிலோ. என் உயரத்துக்கு அது கூடத்தான். சித்தி பொய் சொல்லவில்லை.

அன்றிரவே யூடியூப்பில் கோவா சூப் டயட்டைக் கண்டுபிடித்தேன். ஏழு நாள், மூன்று வேளையும் சூப், இடையில் கொஞ்சம் பழம். சோறு, பாண், மா எதுவும் கிடையாது. றூம்மேட்டிடம் சொன்னேன். "நானும் சேர்ந்து குடிக்கிறன் டி, தனியக் குடிச்சா நீ ரெண்டாம் நாளே விட்டிடுவாய்" என்றாள். அவளுக்கு மெலிய வேண்டிய தேவையே இல்லை, காத்தடித்தால் பறக்கிற உடம்பு. எனக்காகத்தான் செய்கிறாள் என்று பெருமையாக இருந்தது.

ஒளித்து வைத்திருந்த ரைஸ் குக்கரில் கோவா, கரட், லீக்ஸ், தக்காளி எல்லாம் வெட்டிப் போட்டு, ருசிக்கு ஒரு சூப் கட்டியும் போடுவோம். முதல் நாள் நல்லாத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பீடத்துப் படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. விரிவுரையில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது, கொத்து ரொட்டி போடுகிற சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் நிறை பார்த்தேன். 68! அடுத்த கிழமை சோறு சாப்பிடத் தொடங்கி நாலாம் நாள் பார்த்தால் 70.5.

பிறகுதான் வாசித்தேன். மாப்பொருளை நிறுத்தியதும் உடம்பு முதலில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கிற கிளைக்கோஜனைத்தான் எடுக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்ந்திருக்கும், அதுவும் கூடவே போய்விடும். ஆக, நான் கொண்டாடிய மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணி.

அதற்காக சூப் மேல் பழி போட ஏலாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா றோல்ஸ் என்கிற பேராசிரியரும் சக ஆய்வாளரும் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் கலோரி குறைந்த சூப் குடித்தவர்கள், அந்தச் சூப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்கூட, 20 சதவீதமளவு குறைவான கலோரியே எடுத்திருக்கிறார்கள். மரக்கறியைத் துண்டாக விட்டாலும் அரைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அது சாப்பாட்டுக்கு முன் குடிக்கிற சூப், சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கிறது இல்லை. யூடியூப் அக்கா அதைச் சொல்லவில்லை. சூப் கட்டியில் இருக்கிற உப்பைப் பற்றியும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் மூன்று வேளையும் கட்டி போட்டோம்.

இதையெல்லாம் விட எனக்குப் பிந்தி விளங்கினது வேறொன்று. ஏழு நாள் முடிந்ததும், "காணும் டி, நாளைக்குச் சோறு" என்று துள்ளினேன். அவள் குக்கரைக் கழுவிக்கொண்டே, "மாசக் கடைசி மட்டும் செய்வமே" என்றாள். அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நான் தண்ணியை மட்டும் வடித்துக் குடிக்க, அடியில் கிடந்த கோவாவை எல்லாம் அவள்தான் வழித்துச் சாப்பிடுவாள். மரக்கறிக்குக் காசு சேர்க்கும்போது, "என்ர பங்கைப் பிறகு தாறன்" என்பாள். அந்த மாதம் அவளுக்கு உதவிப்பணம் வந்து சேர்ந்திருக்கவில்லை. நான் மெலியக் குடித்ததை அவள் பசிக்குக் குடித்திருக்கிறாள். ஒரே குக்கர்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன், உண்மையில் எனக்குத்தான் வெட்கம். அடுத்த நாள் சூப்புக்குள் ஒரு சுண்டு பருப்பும் ரெண்டு முட்டையும் போட்டேன். "இது டயட்டில இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு, புரதம்" என்றேன். இப்போதும் பின்னேரத்தில் சூப் வைக்கிறோம், கட்டி போடாமல் மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு. அதைக் குடித்துவிட்டுக் கொஞ்சமாய்ச் சோறு. காலையில் கிடைத்தால் வல்லாரை இலைக்கஞ்சி. நான் 67க்கு வர அஞ்சு மாதம் எடுத்தது.

போன லீவுக்கு அவளையும் யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா ஒடியற்கூழ் காய்ச்சினா. நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்ட கூழ். சூப் என்றால் அதுதான் சூப், டயட் என்று மட்டும் யாரும் சொல்ல ஏலாது. சித்தியும் வந்திருந்தா. என்னை ஒருக்காப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பி, "என்ன பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போய்க் கிடக்கிறாய், ஒண்டும் சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டா.

அவள் பிளாவுக்குள் குனிந்துகொண்டாள்.

"சித்தி, கதையை விட்டிட்டு அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ" என்றேன்.