சோட்டன் கிராமத்துச் சிறிய மேசை

இலண்டன் வோட்டர்லூ நிலையத்திலிருந்து புறப்படும் புகையிரதம் ஓல்டன் என்ற சிறு நகரத்தோடு தன் பயணத்தை முடித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ அரைமணி நேரம் நடந்தால் சோட்டன் கிராமம் வந்துவிடும். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டின் வாழ்ந்த செங்கல் வீடு இங்கேதான் இருக்கிறது. 1949 முதல் இது ஒரு நூதனசாலை.

1805இல் தந்தை இறந்ததும் ஜேனும் அக்கா கசன்ட்ராவும் தாயாரும் நிலையான இருப்பிடமின்றி உறவினர் தயவில் வாழ நேர்ந்தது. செல்வந்த உறவினருக்குத் தத்துப்போன அண்ணன் எட்வர்ட் 1809இல் இந்த வீட்டைக் கொடுத்தார். சிநேகிதி மார்த்தா லொயிட்டும் சேர, நான்கு பெண்கள் இங்கே குடியேறினர். முதல் நாவல் 1811இல் வெளிவந்தபோது அதில் ஜேனின் பெயர் இல்லை. ‘ஒரு பெண்மணி’ என்றே அச்சிடப்பட்டிருந்தது.

சாப்பாட்டறையில் அவர் எழுதியதாகச் சொல்லப்படும் மேசையைக் கண்டு வியந்து நின்றேன். பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட, தட்டு ஒன்றை விடச் சற்றே பெரிய மேசை! அருகில் நின்ற பெண்கள் சிலர் பழங்காலத் தொப்பியும் நீண்ட கவுணும் அணிந்து வந்திருந்தனர். 41 வயதில் 1817இல் மறைந்த ஒருவரைத் தம் வீட்டுப் பிள்ளையைப் போல ‘ஜேன்’ என்றே அவர்கள் பேசிக்கொண்டனர்.

முடிக்கப்பட்ட நாவல்கள் ஆறு மட்டுமே. அது போதாமல் வாசகர்கள் தாமே எழுதத் தொடங்கினார்கள். சிபில் பிரின்டன் 1913லேயே அந்தப் பாத்திரங்களை ஒன்றுசேர்த்து ஒரு நாவல் எழுதினார். 2019இல் சோனியா கமால் கதையைப் பாகிஸ்தானுக்குக் கொண்டுபோனார். வீட்டை இழந்து நிற்கும் சகோதரிகளின் கதையை நாமும் 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ திரைப்படத்தில் பார்த்திருக்கிறோம்.

இவற்றுள் என் மனதைத் தொட்டவை இரண்டு. ஜேனின் கதாநாயகி எலிசபெத், சுகவீனமுற்ற அக்காவைப் பார்க்கச் சேற்றில் நடந்து போகிறாள். அந்த உள்பாவாடையைத் துவைத்தவள் யார்? ஜோ பேக்கரின் ‘லோங்போர்ன்’ (2013) அந்தப் பணிப்பெண்ணின் கதையைச் சொல்கிறது. ஜில் ஹோர்ன்பியின் ‘மிஸ் ஒஸ்டின்’ (2020) கசன்ட்ராவின் கதை. தங்கையின் கடிதங்களில் பெரும்பாலானவற்றை எரித்தவர் அவர். எஞ்சியவை சுமார் 160 மட்டுமே. ஏன் எரித்தார் என்ற கேள்விக்கு அந்த நாவல் கற்பனையால் விடை தேடுகிறது.

இந்த வீட்டின் சமையலறையில் நின்றபோது அந்த இரு நாவல்களும் எனக்கு இன்னும் நன்றாக விளங்கின. காலை ஆகாரம் தயாரிப்பதும் தேயிலை, சீனிக்குப் பொறுப்பாக இருப்பதுமே ஜேனுக்குரிய வேலைகள். மற்றவற்றை அக்காவும் மார்த்தாவும் பார்த்துக்கொண்டனர். மார்த்தா தன் கையால் எழுதி வைத்த சமையற்குறிப்புப் புத்தகம் இன்றும் பேணப்படுகிறது. அந்த இருவரும் விட்டுக்கொடுத்த காலை வேளைகளில்தான் அந்த நாவல்கள் உருவாகின.

எழுத ஆசைப்படும் சகோதரிகள் நம்மிடையே நிறையவே உண்டு. ‘நேரமில்லை’ என்று கொப்பியை அலுமாரியில் வைத்து மூடிவிடுகிறோம். மேசை எவ்வளவு சிறியதாயினும் பரவாயில்லை. “இன்றைக்குச் சமையலை நான் பார்க்கிறேன், நீ எழுது” என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். நம்மில் எத்தனை பேர் நம் தங்கைக்கோ மகளுக்கோ அப்படிச் சொல்லியிருக்கிறோம்?