படம் போடுகிற படிப்பா, டீச்சர்?

பல்லூடகம் என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மல்டிமீடியா என்றால் இன்னும் சட்டென்று விளங்கும். எழுத்து, படம், ஒலி, அசையும் காட்சி எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து ஒரு செய்தியைச் சொல்லும் கலைக்கு அந்தப் பெயர். நம் வீடுகளில் இந்தப் படிப்புக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை. பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறது என்றால் லயம் முழுவதும் செய்தி பரவும். கணக்கியல் என்றால் தலையாட்டுவோம். பல்லூடகம் என்றால்? “ஓ” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம்.

நான் கியா பார்மில் குடியிருந்துகொண்டு ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பெண் இன்று சிலாங்கூரில் ஒரு கல்லூரியில் பல்லூடகம் பயில்கிறாள். அவள் விண்ணப்பம் போட்ட சமயத்தில் அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வேலை. “படம் போடுற படிப்பா, டீச்சர்? அதுக்குப் போய்க் கடன் வாங்கணுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “அக்கா, உங்க மகளையே கேட்டுச் சொல்றேன்” என்று அனுப்பிவைத்தேன். அந்தப் பெண் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சொன்னவற்றைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன். என் கருத்தும் இடையிடையே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு நீங்கள் வந்திருக்கலாம். சனி ஞாயிறு என்றால் பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறும் வண்டிகள் நகராது. சாலையோரக் கடைகளில் ஸ்ட்ராபெரித் தலையணை, ஸ்ட்ராபெரித் தொப்பி, ஸ்ட்ராபெரிக் குடை. பழத்தைக் காட்டிலும் பழத்தின் படம்தான் அதிகம்! அந்தச் சிவப்பை, அந்தப் பச்சைக் காம்பை, தூரத்திலிருந்து வரும் வண்டிக்காரர் கண்ணில் படும்படி யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார் அல்லவா? அதைத்தான் வடிவமைப்பு என்கிறார்கள். நாம் பறிக்கும் தேயிலை எந்தப் பெட்டிக்குள் போகிறது, அந்தப் பெட்டியின் மேல் எந்த எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் ஒருவருடைய வேலைதான்.

முதலாண்டில் அவளுடைய விரிவுரையாளர் ஒரு வேலை கொடுத்தாராம்: உங்கள் மனத்தைத் தொட்ட ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்து, ஏன் தொட்டது என்று சொல்லுங்கள். மற்ற மாணவர்கள் சினிமாச் சுவரொட்டி, விளையாட்டுக் காலணி, கணினி விளையாட்டு என்று கொண்டு போனார்கள். இவள் இரண்டு படங்களைக் கொண்டு போனாள். முதலாவது, மலையில் ஓரிடத்தில் நடப்பட்டிருந்த அறிவிப்புப் பலகையின் படம். மருந்து தெளிக்கப்பட்டுள்ளது, உள்ளே செல்லாதீர்கள் என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகை. மலாயும் ஆங்கிலமும் நேராக இருந்தன. தமிழ் மட்டும் சிதைந்து கிடந்தது. இரண்டாவது, அதே வாக்கியம் அவளுடைய கைப்பேசித் திரையில், ஒரு குறையும் இல்லாமல்.

அந்தப் பலகையை நானும் பார்த்திருக்கிறேன். யார் வைத்தது என்பது இங்கே தேவையில்லை. அதைப் போன்ற பலகைகளை நீங்களும் நிறையப் பார்த்திருப்பீர்கள். ‘தெளி’ என்ற சொல்லில் கொம்பு ‘த’வுக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்தப் பலகையில் அது பின்னால் போய் ‘ளி’யின் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘செல்லாதீர்கள்’ என்பதிலும் அதே கதி. தமிழ் நன்றாகப் படித்தவர்கள் ஊகித்துப் படித்துவிடுவார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டி என்ன செய்வாள்? நச்சு மருந்து விஷயம். பாராகுவாட் களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2020 முதல் தடை வந்துவிட்டது என்றாலும், மற்ற மருந்துகள் இருக்கத்தானே செய்கின்றன!

ஏன் இப்படி நேர்கிறது என்று அவளைக் கேட்டேன். அவள் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அந்தக் காலத்து அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தார்கள். ‘தெ’ வேண்டுமானால் முதலில் கொம்பை எடுத்து வைப்பார்கள், பிறகு ‘த’வை வைப்பார்கள். கண் பார்க்கிற வரிசை அது. கணினியோ எழுத்துகளை வாய் சொல்கிற வரிசையில் மனத்தில் வைத்துக்கொள்கிறது. முதலில் ‘த’, அதன் பிறகே கொம்பு. உலக மொழிகள் எல்லாவற்றின் எழுத்துக்கும் ஆளுக்கோர் எண் கொடுத்திருக்கும் யுனிகோடு முறையில் தமிழுக்கு அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். ஆகவே, “இந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் வை” என்ற கட்டளை எழுத்துருவுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். படம் செய்யும் மென்பொருள் அந்தக் கட்டளையைக் கேட்டு நடக்கவும் வேண்டும். அடோபி இலஸ்ட்ரேட்டர் போன்றவற்றில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை வெட்டி ஒட்டினால், கட்டளை காற்றில் போய்விடும். வேலை செய்தவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பலகை அச்சாகி மலையேறி வந்துவிடுகிறது.

சரி, கைப்பேசியில் மட்டும் எப்படி ஒழுங்காக வந்தது? இங்கேதான் நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார்.

முத்து நெடுமாறன் என்ற பெயரைச் சிலர் அறிந்திருப்பீர்கள். மலேசியத் தமிழர். 1985-ஆம் ஆண்டிலேயே கணினியில் தமிழ் எழுத ‘முரசு’ என்ற மென்பொருளை உருவாக்கியவர். அதுவே பின்னர் ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. ஆங்கில விசைப்பலகையில் ஒலியைத் தட்டினால் திரையில் தமிழ் வரும் ‘அஞ்சல்’ முறை அவருடையது. தமிழுக்கென்றே அமைந்த ‘தமிழ் 99’ விசைப்பலகை, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உருவானது. இந்த இரண்டையும் இன்று ஆப்பிள் கணினிகளில் காணலாம். கைப்பேசியில் தமிழ் எழுதும் அவருடைய ‘செல்லினம்’ 2005-ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் அறிமுகமானது.

இவற்றையெல்லாம் நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அறியாதது ஒன்று இருந்தது. ஆப்பிள் கருவிகளில் உள்ள ஒரு தமிழ் எழுத்துருவின் பெயர் ‘தமிழ் சங்கம் எம்.என்.’ அந்த ‘எம்.என்.’ என்பது முத்து நெடுமாறனின் தலையெழுத்துகள்! நம்மைப் போல இந்த மண்ணில் வளர்ந்த ஒருவர் வளைத்த ‘ழ’வும் ‘ஞ’வும் உலகம் முழுவதும் எத்தனை சட்டைப்பைகளில் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். “அவர் பெயர் அங்கே இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை, டீச்சர்” என்றாள் என் மாணவி. வகுப்பில் அவள் இதைச் சொன்னபோது, அந்தக் கைப்பேசியைத் தினமும் பயன்படுத்துகிற மற்ற மாணவர்களும் அதைக் கேட்டு வியந்தார்களாம்.

எழுத்தின் உருவம் கடவுள் கொடுத்தது, அதை யாரும் தொட்டதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். என் பாட்டனார் எழுதிய கடிதங்களில் ‘லை’, ‘ணை’ எல்லாம் யானைத் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பெரியார் தம் ஏட்டில் 1930-களிலேயே கையாண்ட சீர்திருத்தத்தின் பெரும்பகுதியை எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது 1978-ல் தமிழ்நாட்டரசு ஏற்றது. பின்னர் மலேசியாவும் சிங்கப்பூரும் ஏற்றன. துதிக்கை போயிற்று. அச்சுக்கு வசதியாக எழுத்தை மாற்றினார்கள். அதுவும் வடிவமைப்புதானே?

இன்னொன்றும் சொன்னாள். கணினித் திரை என்பது புள்ளிகளால் ஆனது. பிக்சல் என்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கூட்டிக் குறைத்தே திரை எல்லா நிறத்தையும் காட்டுகிறது. 2000-ல் வந்த நோக்கியா 3310 கைப்பேசி நினைவிருக்கிறதா? அதன் திரையில் அகலத்தில் 84 புள்ளி, உயரத்தில் 48 புள்ளி, அவ்வளவுதான். ஆங்கில ‘ஐ’ ஒரு கோட்டில் முடிந்துவிடும். நம் ‘ணொ’வை அத்தனை சிறிய இடத்தில் எப்படி உட்கார வைப்பது? எந்தப் புள்ளியை விட்டாலும் எழுத்து அடையாளம் தெரிய வேண்டும். “அம்மா பொங்கலுக்குப் போடுற புள்ளிக்கோலம்தான், டீச்சர். எந்தப் புள்ளியைச் சுத்திப் போகணும், எதைச் சேர்க்கணும்னு அம்மாவுக்குக் கையிலேயே இருக்கு” என்றாள். கொழுந்து வேலை முடிந்து வந்து, குளிரில் விரல் மரத்துப்போன நிலையிலும் லயத்து வாசலில் குனிந்து புள்ளி வைக்கும் பெண்களை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அதைப் படிப்பு என்று நாம் யாரும் சொன்னதில்லை.

இத்துறையில் நம் நாட்டவர் சாதித்ததற்கு வேறு உதாரணங்களும் உண்டு. பேராக்கில் பிறந்த லாட் 13 வயதிலேயே படக்கதை வெளியிட்டவர். 1979-ல் வந்த அவருடைய ‘கம்போங் பாய்’ கடல் கடந்தும் போயிற்று. உங்கள் பிள்ளைகள் விடாமல் பார்க்கும் ‘உப்பின் இப்பின்’ 2007-ல் நோன்பு மாதத்துக்காகத் தொடங்கியது. அதை உருவாக்கிய இளைஞர்களில் சிலர் நம் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அங்கிள் முத்துவின் கடையும் ஜர்ஜித் சிங்கின் பந்துனும் நம் குழந்தைகளுக்கு மனப்பாடம்.

இனிப் பெற்றோர்களுக்குக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். கைப்பேசியை ஓயாமல் நோண்டுகிற பிள்ளையெல்லாம் இந்தப் படிப்புக்கு ஏற்ற பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். நோட்டின் ஓரத்தில் எதையாவது வரைந்துகொண்டே இருக்கிறதா, ஒரே படத்தை அழித்து அழித்துப் போடுகிறதா என்று பாருங்கள். நல்ல கணினி விலை கூடுதல். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் கிடைக்கிறது, உண்மை. ஆனால் அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும். பெரிய கல்லூரிக்குக் கையில் வசதி இல்லாவிட்டால் சமூகக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் வரைகலை, இயங்குபடம் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடிவு வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். படித்து முடித்ததும் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். சிலர் கடைகளுக்கு விளம்பரம் செய்து கொடுத்து மிகக் குறைந்த ஊதியத்தில் காலம் தள்ளுகிறார்கள்.

அதோடு இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. நாம் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அதுவே படம் போட்டுத் தருகிறது. அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று நானே அவளிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு தீபாவளி வாழ்த்துப் படத்தைக் காட்டினாள். விளக்கு அழகாக இருந்தது, மத்தாப்பும் அழகு. நடுவில் தமிழ் எழுத்தைப் போலவே ஏதோ இருந்தது. கூர்ந்து பார்த்தால் ஓர் எழுத்துகூட எழுத்தில்லை! பல நேரங்களில் அது இப்படித்தான் செய்கிறதாம். நம் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

சென்ற விடுமுறையில் அவள் அந்த மருந்துப் பலகையைத் தானே புதிதாகச் செய்தாள். அவளுடைய பாடத்துக்கான வேலைதான். தோட்டத்தில் கேட்டபோது மாதிரியைப் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். மேலே பெரிதாக ஒரு படம், தூரத்திலிருந்தே தெரியும் நிறம், கீழே மொழிகள். தமிழ், மலாய் இரண்டையும் எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவளுடைய அம்மாதான் கேட்டாராம், “வங்காளதேசத்துப் பையங்களுக்கு என்ன செய்வ?” என்று. இன்று கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டு பாத்தியில் நடப்பவர்களில் பலர் அவர்கள்தானே, நேப்பாளிகளும் இருக்கிறார்கள்.

கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த ஆப்பிள் கணினியைத் திறந்து வங்காள எழுத்துருவைத் தேடினாள். அங்கே ‘பங்களா எம்.என்.’ என்று இருந்தது. இந்தி, நேப்பாளிக்கான தேவநாகரியிலும் ஒரு ‘எம்.என்.’ அதே முத்து நெடுமாறன்! வங்காள எழுத்திலும் நம்மைப் போலவே எகர ஒலிக்குரிய குறி மெய்யெழுத்துக்கு முன்னால்தான் வந்து நிற்கிறது. ஒகரத்துக்கு நம் கொம்பும் காலும்போல இரண்டு பக்கமும் அணைத்துக்கொள்கிறது. எங்கே சிதையும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

காகிதத்தில் அச்சிட்டு, மாலையில் ஸ்டோர் பக்கம் வந்த ஒரு வங்காளதேசத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். வாய்விட்டு முழுவதும் படித்தான். பிறகு இரண்டாம் வரியில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, தங்கள் ஊரில் இப்படிச் சொல்லமாட்டார்கள் என்று மலாயில் சொல்லி, வேறு ஒரு சொல்லை அவள் நோட்டில் எழுதிக் கொடுத்தான்.