விரல் நோகுமென்று சீனி பார்க்காமல் விடாதீர்கள்



சீனி வருத்தம் உள்ள எங்கட உம்மாமார் பலர் வீட்டில் மெஷின் இருந்தும் பார்ப்பதில்லை. கேட்டால், "விரல் நோகுது மகன்" என்பார்கள். என்ட உம்மாவும் அப்படித்தான். குத்துற பேனையை மாற்றிக் கொடுத்த பிறகு இப்போது அவவே பார்க்கிறா.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் இலக்கங்கள் பேனையில் இருக்க வேண்டும். சிறிய இலக்கத்தில் தொடங்குங்கள். இரத்தம் வராவிட்டால் மட்டும் கூட்டுங்கள். மற்றது ஊசியின் கேஜ். இலக்கம் கூடினால் ஊசி மெல்லியது. 28ஐ விட 33 மெல்லியது. அது உங்கள் பேனைக்குப் பொருந்துமா என்று பாமசியில் கேட்டு வாங்குங்கள்.

இளஞ்சூட்டு நீரில் கை கழுவி, நன்றாகத் துடைத்து, விரலின் நடுவில் அல்ல, பக்கவாட்டில் குத்துங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி. பாவித்த ஊசி மழுங்கி, கூட நோகும். ஒருவரின் பேனையை இன்னொருவர், கணவன் மனைவியானாலும், பாவிக்க வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி தொற்றலாம்.

விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆனால் சீனி 70க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பைத் திறக்கும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். பார்த்தால்தானே தெரியும்?

உங்கள் உம்மா, வாப்பாவின் பேனையை இன்றைக்கே ஒருக்கா எடுத்துப் பாருங்கள். அல்லாஹ் எல்லோருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.