சுக்கான் ஆடவில்லை

லேசர் பாய்ப் படகின் வெறும் உடம்பு சுமார் 59 கிலோ. 2009 மே மாதம் என் எடை 57. அந்தக் கணக்கை நான் கரையிலேயே போட்டிருக்க வேண்டும்.

சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்ப் படகுப் பந்தயம் நடப்பதே நம்மூரில் பலருக்குத் தெரியாது. அன்று படகுகளை இறக்கிவிடும் காசிமேட்டு அண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டு, "ரேடியல் பாய் கட்டிக்க தம்பி, மத்தியானம் காத்து ஏறிடும்" என்றார். எனக்குக் கௌரவக் குறைச்சல். ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட்டுவது ரேடியல், ஆண்கள் ஓட்டுவது பெரிய பாய். எனக்கு மீசை இருந்தது. பெரிய பாயையே கட்டினேன்.

1969-ல் கனடாக்காரர் புரூஸ் கெர்பி வரைந்த படகு லேசர். காரின் தலையில் ஏற்றிப் போகும் அளவுதான்: 4.23 மீட்டர் நீள ஃபைபர் உடம்பு, ஒரே பாய், ஒரே ஆள். பாய்மரம் இரண்டு துண்டு. தலையணைக்கு உறை போடுவதுபோலப் பாயை அதில் மாட்டி, தளத்திலுள்ள குழியில் இறக்கினால் முடிந்தது. இழுத்துக் கட்டும் கம்பிகளே கிடையாது. எல்லாப் படகும் ஒரே வார்ப்பு என்பதால், தோற்றவன் படகைக் குறை சொல்ல முடியாது. அதைவிட அழகு, மரத்தின் கீழ்த்துண்டை மட்டும் குட்டையாக மாற்றினால் 7.06 சதுர மீட்டர் பாய்க்குப் பதில் 5.76 ரேடியல் பாய் கட்டலாம். ஆளின் எடைக்கு ஏற்ற பாய், அவ்வளவுதான். பெரிய பாய்க்கு எண்பது கிலோ ஆள் வேண்டும்.

அலைத் தடுப்புச் சுவர் அலையைத் தடுத்தது, காற்றைத் தடுக்கவில்லை. கால் பட்டையில் பாதத்தைச் செருகி, முதுகு தண்ணீரில் உரசும்வரை வெளியே சாய்ந்தும் படகு நிமிரவில்லை. கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடத்துப் படகு நின்றது. ரேடியல் கட்டிய பத்தாம் வகுப்புப் பெண் என்னைத் தாண்டிப் போனாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். திரும்பும் வழியில் காற்று முதுகுக்கு வந்ததும் படகு இரு பக்கமும் ஆடி, என் மேலேயே கவிழ்ந்தது. அடியில் நீட்டியிருந்த பலகைமேல் ஏறி நின்றேன். தண்ணீர் குடித்த பாய்க்கு என் 57 கிலோ ஒரு பொருட்டே இல்லை. மெல்ல எழுந்தது, மறுபக்கம் விழுந்தது. மூன்று முறை. கடைசியில் மோட்டார் படகு வந்து இழுத்துப்போனது.

கரையில் எல்லோரும் கேட்டார்கள். "சுக்கான் லூசா இருந்துச்சு" என்றேன்.

காலையில் அதைப் பூட்டியவர் அந்த அண்ணன்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. படகின் பின்பக்கம் போய்க் குனிந்து, சுக்கானைப் பிடித்து இரண்டு முறை அசைத்துப் பார்த்தார். அது ஆடவில்லை. அதை நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு முதல் ரேடியல்தான் கட்டுகிறேன். அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.