மிதவைக் கிண்ணத்து நீர்

வாவியின் இரு கரைகளாகிய படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையே அலுவல் நிமித்தம் போய்வருகிறவர்களுக்கு, மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்ட பின், ‘பாதை’ என்னும் கடத்துப் படகுக்காக வெயிலிலே காத்து நிற்கும் சிரமம் ஒழிந்தது. ஆயினும் அந்தப் பாலத்தை அண்மிய வெளியில், வாவிக்காற்று எதிர்த்து வீசும் இடத்திலே, என்னுடைய பழைய மோட்டார் சைக்கிள் ஒரு விசித்திரமான வியாதியைக் காட்டத் தொடங்கிற்று. காலையில் ஒரே உதையில் உயிர் பெறும். மெதுவாக ஓடும் வரையில் குறை சொல்வதற்கில்லை. முறுக்கி வேகம் கேட்டாலோ இருமித் தயங்கி அணைந்துவிடும். சற்று நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஓடும்.

காபரேற்றரைக் கழற்றிக் கழுவுவதே இதற்கு எங்கும் வழக்கமான பரிகாரம். கழுவினால் சில தினங்கள் சுகம். பின்பு பழைய கதை. திரும்பத் திரும்ப வருகிற நோய்க்கு மூலம் வேறெங்கோ இருத்தல் வேண்டும் என்று தோன்றவே, அதைக் கண்டறியாமல் விடுவதில்லை எனச் சங்கற்பம் செய்துகொண்டேன்.

அதற்குக் காபரேற்றர் தொழிற்படும் விதத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மாரிவெள்ளம் முகத்துவாரத்தின் ஒடுக்கத்திலே விரைவதுபோல, காற்றும் ஒடுங்கிய வழியிற் புகும்போது வேகம் கூடுகிறது. வேகம் கூடுமிடத்தில் அமுக்கம் குறைகிறது. பேர்ணூலி என்னும் அறிஞர் 1738 இல் வெளியிட்ட நூலிலும், வென்டூரி என்னும் இத்தாலிய அறிஞர் 1797 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் விளங்கிய இந்தத் தத்துவத்தை, ஹங்கேரியிலே பாங்கி, சோங்கா என்னும் இருவரும், ஜெர்மனியிலே மைபாக்கும், 1893 இல் தனித்தனியே எஞ்சினுக்குப் பிரயோகித்தார்கள். கிண்ணத்திலே பெற்றோலின் மட்டத்தை மிதவை காத்து நிற்க, குழலில் விரையும் காற்று அதை ஜெற்றின் நுண்ணிய துவாரத்தினூடே உறிஞ்சித் தூவலாக்குகிறது. எடையிலே ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு என்பது பூரண எரிவுக்குரிய கணக்கு. கணக்கு இத்தனை நுட்பமானதாயினும், அந்தச் சிறு கருவியின் பொறுமை பெரிது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அற்றுப்போன யாழ்ப்பாணத்திலே, சில துளி பெற்றோலை விட்டு உசுப்பி, பின்பு மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள்களை ஓட்டிக் காலங்கழித்தார்கள் நம்மவர்கள். அந்தத் தீரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்கிறது.

என் வாகனத்தில் சோக்கை இழுத்தால் எஞ்சின் சற்றே தேறியது. பிளக்கின் முனையும் வெளுத்திருந்தது. பெற்றோல் போதவில்லை என்பதற்கு அவை இரண்டும் சாட்சி. காபரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் றப்பரில் வெடிப்பிருந்து வேண்டாத காற்றுப் புகுகிறதோ என்று பார்த்தேன், அதில் பழுதில்லை.

ஆரையம்பதியில் கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவர், எதையும் கழற்றாமல், கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகை மாத்திரம் தளர்த்தி, வழிந்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏந்தினார். மேலே பெற்றோல் தெளிந்து நிற்க, அடியிலே நீர் உருண்டை உருண்டையாகத் திரண்டு, குவளையைச் சரித்த பக்கமெல்லாம் ஓடியது. கூடவே செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய தூள்.

“காபரேற்றர்ல பிழை இல்ல மனே. இது மேலயிருந்து வருகுது. டேங்கக் கழட்டுவம்” என்றார்.

நீர் பெற்றோலினும் கனமானது. கிண்ணத்திலே மிகத் தாழ நிற்கும் மெயின் ஜெற்றின் துவாரமோ ஒரு மில்லிமீற்றர் அளவுகூட இல்லாதது. அதன் வாயிலே தங்கும் நீர்த்துளி, தன் மேற்பரப்பின் இழுவிசையால், எளிதில் நுழையாமல் அடைத்து நிற்கும். மெதுவோட்டத்துக்குரிய ஜெற் சற்று உயரத்தில் இருந்தமையால் அதற்குப் பெற்றோல் தடையின்றிக் கிடைத்தது. நிறுத்தி அசைத்தபோது துளி விலகியதனாலேயே வண்டி மறுபடி ஓடியது.

டேங்கினுள்ளே விளக்கடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் துலங்கியது. எரிபொருள் நிலையத்திலிருந்து பெற்றோலோடு கலந்து வந்த நீராயின், அடித்தகடே அதிகம் அரித்திருக்க வேண்டும். இங்கோ துரு பெரும்பாலும் கூரையிலும், பெற்றோல் மட்டத்துக்கு மேற்பட்ட பக்கச் சுவர்களிலும் படிந்திருந்தது. வெறுமையாய்க் கிடந்த டேங்கிலே மூடியின் காற்றுத்துவாரத்தினூடே ஈரக்காற்றுப் புகுந்து, இரவின் குளிரில் தகட்டிலே பனித்து, துளித்துளியாக இறங்கி அடியிலே சேர்ந்திருக்கிறது. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் வாவியின் கரையிலே ஈரத்துக்கு என்ன பஞ்சம்?

டேங்க் எப்போது வெறுமையாய்க் கிடந்தது என்பதற்கு நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்திலே, கியூஆர் அட்டை முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று தொடங்கினார்கள். அதற்கு முந்திய வரிசைக் காலத்தில் அதுவும் இல்லை. வண்டி மாதக்கணக்காக வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரையில் நீடித்தமையால், இத்தகைய பழைய வண்டிகளைப் பேணுவதன்றி எங்களிற் பலருக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை. அந்தப் பஞ்சகாலத்துத் துருவைச் சுமந்துகொண்டு இன்னும் எத்தனை வண்டிகள் ஓடுகின்றனவோ! அவற்றுக்கெல்லாம் புதிய காபரேற்றர் வாங்கிப் பூட்டுவது வீண் செலவு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

டேங்கிலே வினாகிரி நிறைத்து இரவு முழுதும் ஊறவைத்து, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, வெயிலிலே நன்றாக உலர்த்தி, மறுபடி துருவேறுமுன் சிறிது எண்ணெய் கலந்த பெற்றோலை உள்ளே சுழற்றிவிட்டோம். பெற்றோல் டேப்பின் சல்லடை கிழிந்திருந்தது; துரு இறங்கிய வழி அதுதான். அதை மாற்றி, குழாயிலும் ஒரு வடியைச் சேர்த்தோம். மாரிகாலத்திலே டேங்கை நிரப்பியே வைத்திருக்கவும், நெடுநாள் நிறுத்துவதானால் டேப்பை மூடிக் கிண்ணம் வற்றும் வரை எஞ்சினை ஓடவிடவும் முதியவர் சொன்னார். அப்படியே செய்து வருகிறேன்.