அம்மா போனார்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பிள்ளைகளின் கொப்பிகளில் நான் ஓர் அநியாயம் செய்தேன். அம்மாவைப் பற்றி அவர்கள் எழுதிய வசனங்களில் 'போனார்', 'சமைத்தார்', 'சொன்னார்' என்று வந்த இடங்களையெல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டி 'போனாள்', 'சமைத்தாள்', 'சொன்னாள்' என்று திருத்தினேன். அதே பக்கத்தில் இருந்த 'அப்பா போனார்' என்பதற்குச் சரி போட்டேன். தமிழாசிரியனாக இருந்த காலம் முழுவதும் இப்படித்தான் திருத்தினேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. இலக்கணம் தெரிந்தே செய்தேன்.

தமிழில் எழுவாய் எதுவோ அதன் திணை, பால், எண், இடம் நான்கும் வினையின் கடைசியில் தெரிய வேண்டும். நான் வந்தேன், நீ வந்தாய், அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அது வந்தது, அவை வந்தன. சிங்களப் பேச்சில் இந்தக் கட்டாயம் இல்லை. 'மம யனவா' என்றாலும் 'எயா யனவா' என்றாலும், போவது நானாயினும் அவராயினும் வினை மாறாது. மலையாளத்திலும் அவன், அவள், அவர் எல்லோருக்கும் 'வந்நு' ஒன்றே போதும். தமிழ் அப்படி விடாது. ஒருவர் வந்த செய்தியைச் சொல்ல வாயெடுத்தாலே, அவரை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தைத் திணை, பால் பாகுபாட்டோடும் அவற்றைக் காட்டும் ஈறுகளோடுமே தொடங்குகிறார். வசனம் எழுதக் கற்கும் பிள்ளைக்கு முதலில் இது தெரிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்ட இடங்களும் இருந்தன. பேச்சில் ஒரு மாடு நின்றாலும் 'மேயுது', பட்டி மாடெல்லாம் நின்றாலும் 'மேயுது'. அந்தப் பழக்கத்தில் எழுதும்போது 'மாடுகள் மேய்ந்தது', 'வாவிக்கரையில் தோணிகள் கிடந்தது' என்று வரும். அவற்றை 'மேய்ந்தன', 'கிடந்தன' என்று மாற்றினேன். 'நானும் தம்பியும் போனார்கள்' என்பதைப் 'போனோம்' என்றும், 'நீயும் தம்பியும் போனார்கள்' என்பதைப் 'போனீர்கள்' என்றும் திருத்தினேன். தன்மை கலந்தால் வினை தன்மைப் பன்மையாகும், முன்னிலையும் படர்க்கையும் கலந்தால் முன்னிலைப் பன்மையாகும் என்று விளக்கினேன். 'ஒவ்வொரு' என்று தொடங்கினால் பெயரும் வினையும் ஒருமையில் நிற்க வேண்டும் என்றும், 'இது அன்று, இவை அல்ல' என்றும் சொல்லிக் கொடுத்தேன். இந்தத் திருத்தங்களுக்காக நான் வருந்தவில்லை. இவற்றில் கிடைத்த துணிவோடு அம்மாவின் வினையிலும் கை வைத்ததுதான் என் குற்றம்.

செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதினார். எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் அந்தக் கூற்றைப் பெருமையோடு எடுத்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெருமையில் ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். எங்கள் பேச்சில் பெண்ணைச் சுட்ட இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'அவள் வந்தாள்' என்பது தங்கைக்கும் தோழிக்கும் ஆகும், கோபத்தில் யாருக்கும் ஆகும். அம்மாவுக்கு, அம்மம்மாவுக்கு, பெரியம்மாவுக்கு, மதிக்கும் எந்தப் பெண்ணுக்கும் 'அவ வந்தா'. தமிழ்நாட்டில் 'அம்மா வந்தாங்க' என்று சொல்லிக் காட்டுகிற மரியாதையை நாங்கள் இந்த 'அவ'வில் காட்டுகிறோம். எழுத்துத் தமிழுக்கு வரும்போது 'வந்தா' என்ற வடிவத்துக்கு அங்கே இடமில்லை. பிள்ளை 'வந்தாள்' அல்லது 'வந்தார்' இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். வீட்டில் வைத்திருந்த மரியாதையை எழுத்திலும் காக்க நினைத்த பிள்ளை 'வந்தார்' என்று எழுதியது. அந்த மரியாதையைத்தான் நான் பிழை என்று வெட்டினேன்.

நெல் அறுவடையான வேளாண்மை வெட்டைப் பற்றிய கட்டுரை ஒன்றில் மாணவி ஒருவர், தம் அம்மா விடியமுன் எழும்பிச் சோறாக்கி வைத்துவிட்டு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போனார் என்று எழுதியிருந்தார். வழக்கம்போல வெட்டினேன். அவர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு மேசையடிக்கு வந்தார்.

"சேர், அப்பா போனார் எண்டதுக்குச் சரி போட்டிரிக்கீங்க. அம்மா போனார் எண்டத்த ஏன் வெட்டினீங்க?"

"பெண்பாலுக்கு ஆள் விகுதிதான் புள்ள வரும். ஆர் எண்டு போட்டா அது பால் வழு."

"நான் எங்கட அம்மாவ அவள் எண்டு சொல்றல்லயே சேர்."

"பேச்சு வேற, எழுத்து வேற. போய் இரி."

அவர் போய் இருந்தார். அதற்குப் பிறகு அவருடைய கட்டுரைகளில் அம்மா 'போனாள்' என்றே வந்தது. நானும் சரி போட்டேன்.

நான் சொன்ன பதிலை இன்று எடுத்துப் பார்க்கிறேன். அதில் உண்மை இல்லை. ஆர் விகுதி பலர்பாலுக்கு உரியது. பலர்பால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொது. ஆகவே 'அம்மா போனார்' என்பதில் பெண்ணை ஆணாக்கிய பிழை எதுவும் இல்லை. ஒருவரைப் பன்மையால் சொன்னதுதான் அங்கே நடந்திருக்கிறது. அதைத் தொல்காப்பியரே பார்த்திருக்கிறார். ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கண நெறிக்கு உட்பட்டது இல்லையாயினும், உயர்த்திச் சொல்லும் சொல்லாக வழக்கில் உள்ளது என்று ஏற்றுக்கொள்கிறார். அந்த ஒருவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் வரம்பு வைக்கவில்லை. பவணந்தியார் நன்னூலில் மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவற்றின் காரணமாகப் பாலும் திணையும் மாறி வந்தாலும் அது இயல்பே என்கிறார். வழுவமைதி என்று நாம் படித்ததும் படிப்பித்ததும் இதைத்தான்.

இன்னொன்றையும் நான் யோசித்திருக்க வேண்டும். பால் பொருத்தத்தை இம்மியும் பிசகாமல் பார்ப்பதென்றால் 'அப்பா போனார்' என்பதையும் வெட்டியிருக்க வேண்டும். அப்பாவும் ஒருவர்தான். ஆண்பால் ஒருமைக்கு விகுதி 'ஆன்'. அங்கே உயர்வு கருதிய வழுவமைதியை வாய் திறக்காமல் ஏற்றுக்கொண்டேன். அதே உயர்வை அம்மாவுக்குக் கேட்டபோது வழு என்றேன். அதிபராக இருந்த அம்மையார் உரையாற்றினார் என்று பிள்ளைகள் எழுதியபோதும், வைத்திய முகாமுக்குப் பெண் டொக்டர் வந்தார் என்று எழுதியபோதும் என் பேனை அசையவில்லை. ஆகவே அந்தச் சிவப்பு மையைப் பிடித்து நடத்தியது இலக்கணம் இல்லை. பதவி உள்ள பெண்ணுக்கு ஆர், வட்டைக்குப் போகும் பெண்ணுக்கு ஆள் என்று எனக்குள் இருந்த வேறொரு விதி அதை நடத்தியது.

உயர்தர வகுப்பில் வழுவமைதியை நான் நன்றாகப் படிப்பிப்பேன். பசுவை அம்மை என்று சொல்லி வினையைப் பெண்பாலில் முடிப்பது உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று, பாடத்தில் வரும் அந்த உதாரணத்தைச் சொல்லி விளக்குவேன். அன்பினால் பசுவை உயர்திணைக்கு ஏற்றலாம் என்று ஒரு வகுப்பில் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போய் அன்பினால் தாயை ஆர் விகுதிக்கு ஏற்றிய பிள்ளையைத் திருத்தினேன். இரண்டையும் செய்தவன் ஒருவன்தான் என்பதை எண்ணும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வேறொரு விதி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், வயல் வைத்திருந்த வீட்டில் பிறந்தவன். மண்முனையில் பாலம் 2014ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்துதான் படுவான்கரைப் பாடசாலைக்குப் போனேன். அக்கரையில் எங்களுக்கு வயல் இருந்தது, அந்த வயலில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் வயலின் சொந்தக்காரரான போடியார் வருவார், வயலைப் பார்க்கும் முல்லைக்காரன் வருவான், வெட்டுக்கு வந்தவள் கூலி வாங்கிப் போவாள். போடியாரின் பெயரிலேயே ஆர் இருக்கிறது. முல்லைக்காரனின் பெயரிலேயே அன் இருக்கிறது. வினை அந்தப் பெயர்களின் பின்னால் தானாகப் போகும். வயலைக் காத்து, தண்ணீர் கட்டி, சூடடித்துத் தந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் ஆர் விகுதி கிடைத்ததில்லை. அந்தக் காதோடுதான் நான் வகுப்பறைக்குப் போனேன். அந்த மாணவியின் கட்டுரையில் வட்டைக்குப் போனது ஒரு தாய். என் காதில் விழுந்தது ஒரு வெட்டுக்காரி. வெட்டுக்காரிக்கு ஆர் வராது என்று என் காது சொன்னது. நான் அதை இலக்கணம் என்று பிள்ளைக்குச் சொன்னேன்.

இது மட்டக்களப்பில் நடந்தது என்பது குற்றத்தை இன்னும் பெரிதாக்குகிறது. இங்கே குடி என்னும் குலப்பிரிவு தாய்வழி வருவது. என்ன குடி என்று கேட்டால் தாயின் குடியைச் சொல்கிறோம். கோயிலில் வண்ணக்கராக, அதாவது அறங்காவலராக, வரும் உரிமையையும் குடிவழியே பார்க்கிறோம். வீடு மகளுக்குப் போகிறது, கலியாணம் முடித்தவர் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்கிறார். கோயில் முற்றத்தில் தாயின் பெயரால் நிற்கிற சமூகத்தில் ஒரு பிள்ளை தாய்க்கு ஆர் கொடுத்தது. அதை மறுக்க ஒரு தமிழாசிரியன் இருந்தான்.

'ஆள்' எப்போதும் அவமதிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மனை ஊரே 'நீ' என்று அழைக்கிறது. நெருக்கம் முற்றும்போது மரியாதை விகுதிகள் தாமாகக் கழன்றுவிடும். அம்மா வந்தாள் என்று அன்போடு எழுதுகிற மகளும் இருக்கிறார். அவர் அதை விரும்பித் தேர்ந்தால் அது முழுக்கச் சரி. என் மாணவி வேறொன்றைத் தேர்ந்தார். தேர்ந்ததற்கான காரணத்தையும் என் முகத்துக்கு நேரே சொன்னார். தேர்வதற்கு இலக்கணம் கொடுத்திருந்த உரிமையை நான் பறித்தேன்.

என் அம்மா காலமானபோது மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தேன். 'காலமானார்' என்று எழுதினேன். 'அன்னார்' என்று தொடங்கி, இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும் ஆவார் என்று முடித்தேன். பத்திரிகையில் வரும் எல்லா அறிவித்தல்களும் அப்படித்தான் வரும். அதில் வயலுக்குப் போன அம்மா, படித்த அம்மா என்ற வேறுபாடு கிடையாது. எழுதி முடித்தபோது எனக்கு விளங்கிவிட்டது. உயிரோடு இருந்த அம்மாவைப் பற்றி நான் எழுதிய எதிலும் ஆர் இருந்ததில்லை. இறந்த பெண்ணுக்குக் கேள்வியில்லாமல் கொடுக்கிற விகுதியை உயிரோடு வேலை செய்கிற பெண்ணுக்கு நான் தர மறுத்து வந்திருக்கிறேன்.

அப்படி விளங்கிய பிறகும் பாடசாலையில் திருத்துவதை நான் நிறுத்தவில்லை. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பரீட்சையில் புள்ளி போய்விடும், கதைகளிலும் 'அம்மா சமைத்தாள், அப்பா வந்தார்' என்றுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், இவ்வளவு காலமும் வெட்டியது பிழை என்று பிள்ளைகள் முன்னால் சொல்லத் துணிவு வரவில்லை. ஓய்வு பெறும் வரைக்கும் அந்தத் துணிவு வரவில்லை.

இப்போது வகுப்பில் நிற்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். 'மாடுகள் மேய்ந்தது' என்பதைத் தயங்காமல் திருத்துங்கள். 'நானும் தம்பியும் போனார்கள்' என்பதையும் திருத்துங்கள். 'அம்மா வட்டைக்குப் போனார். அவள் பின்னேரம் திரும்பி வந்தாள்' என்று ஒரே பந்தியில் கலந்து எழுதினால் அதையும் திருத்துங்கள். அங்கே பொருத்தம் உண்மையிலேயே குலைகிறது. ஆரம்பத்தில் 'அவர்' என்று எடுத்தால் கடைசி வரைக்கும் அவர், 'அவள்' என்று எடுத்தால் கடைசி வரைக்கும் அவள் என்று சொல்லிக் கொடுங்கள். எதை எடுப்பது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். 'முல்லைக்காரர் வந்தார்' என்று ஒரு பிள்ளை எழுதினால், காரனைக் காரராக்கிய அந்தக் கையை வெட்டாமல் சரி போடுங்கள்.

என்னிடம் படித்தவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் எழுதியது சரி. வெட்டியது நான், பிழையும் என்னுடையது. உங்கள் பிள்ளைகளின் கொப்பியில் இதே வெட்டு விழுந்திருந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். பாடசாலைக்குப் போய்க் கேளுங்கள். தொல்காப்பியமும் நன்னூலும் உங்கள் பக்கம் நிற்கின்றன.