சாம்பல் நிறப் பாலம்

இங்கிலாந்தின் அயர்ன்பிரிட்ஜ் பாலத்தின் புதிய படம் ஒன்று நேற்று கண்ணில் பட்டது. செங்காவி நிறத்தில் நிற்கிறது. 2018இல் அடித்த வண்ணம். பழைய பூச்சைச் சுரண்டி ஆராய்ந்து, தொடக்கத்தில் இருந்த நிறத்தையே திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். சரியான வேலைதான். ஆனாலும் எனக்கு அதற்குமுன் இருந்த அந்தச் சாம்பல் நிறம்தான் வேண்டும்.

டெல்ஃபோர்டில் வேலை பார்த்த நாட்களில், சனிக்கிழமையானால் செவர்ன் ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன். சரிவில் வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக ஏறி நிற்கும். மேற்கே அனல்மின் நிலையத்தின் நான்கு குளிர்விப்புக் கோபுரங்கள், அந்த ஊர் மண்ணோடு ஒட்டிப்போக வேண்டுமென்றே இளஞ்சிவப்புச் சாயம் கலந்து கட்டியவை. 2019 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். போனால் இனி அதுவும் இல்லை.

பக்கத்துக் கோல்புரூக்டேலில்தான் 1709இல் ஆபிரகாம் டார்பி மரக்கரிக்குப் பதிலாகக் கற்கரியிட்டு இரும்பு உருக்கினார். அவருடைய பேரன் 1779இல் எழுப்பியது இந்தப் பாலம். முப்பது மீட்டர் வளைவு, ஏறக்குறைய 1,700 வார்ப்புத் துண்டுகள்.

இதையெல்லாம் ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் தச்சர். காதில் வாங்காமல் பாலத்துக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, கழுந்து போட்டு ஆப்பு வச்சிருக்கான். இது மரவேலைல்ல?"

ஆமாம். இரும்பில் இவ்வளவு பெரிய பாலத்தை அதற்குமுன் யாரும் கட்டியதில்லை. தெரிந்த தச்சுமுறையிலேயே துண்டுகளைப் பொருத்தினார்கள். வடிவமைத்த தாமஸ் பிரிட்சர்டும் தச்சரின் மகன், அந்தத் தொழிலே பழகியவர். பாலத்தைப் பார்க்காமலே 1777இல் இறந்துபோனார் என்றேன். அப்பா பேசவில்லை. எட்டிய ஒரு பொருத்தின்மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். குளிரில் விரல்கள் வெளிறியிருந்தன. அந்தச் சாம்பல் நிறம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, தெருமுனை வரைக்கும்தான் நடை. புதிய படத்தைக் காட்டினேன். "காவி அடிச்சுட்டானா" என்றவர், செல்போனை வாங்கி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

"அந்த ஆப்பு எங்க இருக்கு, காட்டு."